மழைக்காடு காத்திருக்கும் காய்ந்த நாள்

சியாட்டிலில் பிள்ளைகள் வேலை பார்க்கும் பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களை ஒரு வார இறுதியில் ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குக் காரில் கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. அங்கே உள்ள ஹோ மழைக்காட்டில் கிளைகளெல்லாம் பாசி போர்த்தித் தொங்கும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுப்பார்கள். காலடியில் அழுகிக் கிடக்கும் கட்டையின் முதுகில், விரல் உயரத்துக்கு வரிசையாக நிற்கும் நாற்றுகள் அந்தப் படங்களில் விழுவதில்லை. அந்தக் காட்டில் விதை எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கட்டையைத்தான். பெங்களூரில் விதை சேகரிப்பவர்களும், விதைப்பந்து உருட்டுபவர்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் ஒரு புதிர். பெங்களூரில் ஆண்டு மழை ஏறக்குறைய 970 மி.மீ. ஹோவில் 3,500 மி.மீ. பக்கம். அப்படி ஒரு ஈரக் காட்டில் பழம், பறவை, ஆறு என்று எதையாவது நம்பித்தான் மரங்கள் விதையை அனுப்பும் என்று தோன்றும். ஆனால் அங்கே காட்டின் கூரையாக நிற்கும் சிட்கா ஸ்ப்ரூஸ், வெஸ்டர்ன் ஹெம்லாக், வெஸ்டர்ன் ரெட் சீடார், டக்ளஸ் ஃபர் நான்குமே விதையைக் காற்றில் விடுபவை. அதிலும் அவை விதையைத் திறந்துவிடுவது காய்ந்த காற்றில் மட்டும்தான். ஆண்டில் பாதி நாளுக்கு மேல் நனைந்து நிற்கும் காடு, விதை விடுவதற்கு மட்டும் மழை ஓயும் நாளுக்காகக் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பு நடப்பது கூம்பில், அதாவது விதைகளைச் செதில்களுக்குள் வைத்திருக்கும் காயில். ஊட்டி, கொடைக்கானல் போய் வருபவர்கள் பொறுக்கிவரும் பைன் காய் ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். செதில்கள் முழுக்க விரிந்த, உடையாத காயாக இருக்கட்டும். ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, காயை அமிழ்த்தி, மிதக்காதபடி மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் செதில்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கிக் காய் மூடிக்கொள்ளும். வெளியே எடுத்து ஜன்னலோரம் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் மறுபடி விரியும். ஜூலை மாதப் பெங்களூர் ஈரத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். மூடவே இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் வார்னிஷ். அலங்காரத்துக்கு விற்கும் காய்களில் பளபளப்புக்காக அடித்திருப்பார்கள். தண்ணீர் உள்ளே இறங்காது.

ஐந்து வருடம் அலமாரியில் கிடந்த காயும் இதைச் செய்யும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இதில் உயிரின் வேலை எதுவும் இல்லை. ஒவ்வொரு செதிலும் இரண்டு அடுக்கு. வெளிப்பக்க அடுக்கின் செல்களில் நார்கள் செல்லைக் குறுக்கே சுற்றி ஓடுகின்றன; அதனால் ஈரம் பட்டால் அந்தச் செல்கள் நீளவாக்கில் நீளும். உள்பக்க அடுக்கில் நார்கள் நீளவாக்கை ஒட்டியே ஓடுவதால் அது அவ்வளவாக நீளாது. வெளிப்பக்கம் நீண்டு உள்பக்கம் அப்படியே நின்றால் செதில் உள்நோக்கி வளைந்துதானே ஆக வேண்டும்? காய்ந்தால் வெளிப்பக்கம் சுருங்கி, செதில் வெளியே விரியும். 1997இல் இந்த அமைப்பு விளக்கமாக எழுதப்பட்டது. சிட்கா ஸ்ப்ரூஸின் கூம்பு பைன் காய் மாதிரி கட்டையாக இல்லாமல், காகிதம் போல மெல்லிய செதிலோடு கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கும். வேலை செய்யும் விதம் அதேதான். ஹெம்லாக் கூம்பு இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு நெல்லிக்காய் அளவுகூடத் தேறாது.

ஈரத்தில் மூடிக்கொள்வதால் மரத்துக்கு என்ன லாபம்? விதையின் இறகு மெல்லிய சவ்வு. நனைந்தால் செதிலோடு ஒட்டிக்கொள்ளும். அல்லது கனத்துப்போய்த் தாய்மரத்தடியிலேயே விழும். அங்கே நிழல் அதிகம், தாய்மரத்தை ஏற்கெனவே பிடித்திருக்கும் பூச்சியும் பூஞ்சையும் அதிகம். பசிபிக் கரையில் கூம்புகள் முதிர்வது செப்டம்பர், அக்டோபரில், புயல்மழை தொடங்கும் சமயத்தில். மழை இரண்டு நாள் விட்டு, காற்று உலர்ந்து வீசினால் கூம்பு திறக்கும், கொஞ்சம் விதை போகும். மழை திரும்பினால் மூடும். இப்படித் தவணை தவணையாகக் குளிர்காலம் முழுக்க விதை இறங்கும். ஒரே நாளில் கொட்டித் தீர்க்காததால் ஒரே திசைக் காற்றில் எல்லா விதையும் மாட்டிக்கொள்வதும் இல்லை.

(ஹோவில் கூம்பு பார்த்தால் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். தேசியப் பூங்காவின் விதிகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதிச்சீட்டு இல்லாமல் விதையை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. நல்ல காரணத்துக்காக வைத்த விதி அது.)

இனி பறக்கும் கணக்கு. ஹெம்லாக் விதை மிகச் சிறியது, கிலோவுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல் நிற்கும். ஒரு ஓரத்தில் கனம், மறு ஓரம் முழுக்க இறகு, விழும்போது சுழலும். காற்றில்லாத இடத்தில் அது இறங்கும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 80 செ.மீ. அறுபது மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் தரை தொட 75 நொடி. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் நொடிக்கு 5.6 மீட்டர்; 75 நொடியில் நானூறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்க வனத்துறைப் பதிவுகளில் இதே உயரம், இதே காற்றுக்குக் கிடைத்த அளவு: பெரும்பாலான விதைகள் 610 மீட்டருக்குள், அதிகபட்சம் 1,160 மீட்டர் வரை. நம் எளிய கணக்கைவிடக் கூடுதலாக வருவதற்குக் காரணம், காற்று ஒரே சீராக வீசுவதில்லை. மரமுகட்டில் மோதிச் சுருண்டு எழும் காற்று சில விதைகளை மேலே தூக்கிவிடும். தொலைதூரம் போகிறவை அந்தச் சில விதைகள்தான். ரெட் சீடார் விதை இன்னும் இலேசானது என்றாலும் அதன் இறகு குறுகலானது. பெரும்பாலும் 120 மீட்டரைத் தாண்டாது. எடையை மட்டும் பார்த்து தூரத்தைச் சொல்ல முடியாது, இறகின் பரப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதைப் பெங்களூரிலேயே பார்க்கலாம், மஹாகனி விதையை வைத்து. நகரின் பழைய தெருக்களில் வரிசையாக நிற்கும் மஹாகனி மரங்களில், இலையுதிரும் மாதங்களில், மாங்காய் அளவில் செங்குத்தாக நிற்கும் மரக்காய்கள் அடியிலிருந்து ஐந்து பிளவாகப் பிரிந்து விழும். உள்ளே நடுத்தண்டைச் சுற்றி, ஓட்டுச்சில்லு அடுக்கினாற்போலப் பழுப்பு விதைகள். ஒரு விதையைக் கையில் எடுத்தால் ஒரு முனையில் பருப்பு இருக்கும் தடித்த பகுதி, மறுமுனை நோக்கிப் போகப் போக மெலியும் இறகு. இறகின் ஒரு விளிம்பு தடித்தும் மறு விளிம்பு கிழிந்த காகிதம் போலவும் இருக்கும். இந்தச் சமமின்மைதான் அதைச் சுழல வைக்கிறது. ஹெம்லாக்கின் உத்தியும் இதுவே. ஹோவில் இருக்கும் பெரிய இலை மேப்பிளின் விதையும் இப்படித்தான் சுழலும். சுழலும் மேப்பிள் இறகின் முன்விளிம்பில் ஒரு சிறு காற்றுச்சுழல் ஒட்டிக்கொண்டு அதைத் தாங்கிப் பிடிப்பது ஆய்வகத்தில் காட்டப்பட்டிருக்கிறது.

மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து, கீழே ஆள் நடமாட்டம் இல்லாத, காற்றடிக்காத காலை நேரத்தில் ஒரு விதையை விடுங்கள்; செல்போனில் வீடியோ எடுத்து நேரம் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கூழாங்கல் 1.4 நொடியில் தரையைத் தொடும். விதை எத்தனை நொடி எடுக்கிறது என்று குறியுங்கள். அடுத்த விதையில் இறகைப் பாதியாக வெட்டிவிட்டு விடுங்கள். மூன்றாவதில் இறகை முழுதாகத் தண்ணீரில் நனைத்துவிட்டு விடுங்கள். ஒரு முறை விட்டால் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வகைக்கும் பத்து விதையாவது வேண்டும். விட்டவுடன் கொஞ்ச தூரம் சுழலாமல் நேராக விழும், அதற்குப் பிறகுதான் சுழற்சி பிடிக்கும். தாழ்ந்த உயரத்தில் செய்தால் வித்தியாசமே தெரியாமல் போவது இதனால்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இயற்பியல் பாடம் இந்த ஊரில் இலவசமாகக் கிடைக்காது.

இத்தனை நேர்த்தியாகப் பறந்து போகும் விதைகளில் அநேகமாக எல்லாமே வீணாகின்றன. நல்ல விளைச்சல் ஆண்டில் முதிர்ந்த ஹெம்லாக் காட்டில் ஒரு ஹெக்டேரில் விழும் விதை கோடியைத் தாண்டும். அதில் பெரும்பகுதியை எலியும் குருவியும் தின்னும். தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே ஆண்டில் கொட்டுவது மரங்களின் பதில்: ஹெம்லாக் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நன்றாகக் காய்க்கும், டக்ளஸ் ஃபருக்கு ஏழு ஆண்டில் ஒரு பெரிய விளைச்சலும் ஒரு நடுத்தர விளைச்சலும் சராசரி. இடைப்பட்ட, காய்ப்பு குறைந்த ஆண்டுகளில் தின்னிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும். டக்ளஸ் அணில் என்ற சின்ன அணில் இன்னும் கெட்டி. கூம்பு திறப்பதற்கு முன்பே பச்சையாகக் கடித்துக் கீழே தள்ளி, ஈரமான குப்பைமேட்டுக்குள் புதைத்து வைக்கும். ஈரத்தில் கூம்பு மூடியே இருக்கும், விதை பறந்துவிடாது. நாம் பாத்திரத்தில் பார்த்த அதே விதியை அணில் தன் களஞ்சியத்துக்குப் பூட்டாக வைத்திருக்கிறது.

தப்பிய விதைக்கு அடுத்த சிக்கல் தரை. ஹோவில் தரை தெரியாது. பாசியும் பெரணியும் ஆக்ஸாலிஸ் என்ற புளியாரைச் செடியும் மெத்தையாக மூடியிருக்கும். கடுகைவிடச் சிறிய விதை அந்த மெத்தையின் மேல் விழுந்து முளைத்தால், அதன் வேர் மண்ணைத் தொடுவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும். தொட்டாலும் மேலிருந்து பெரணி மூடிவிடும். வாஷிங்டன், ஓரிகன் கரையோர ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் காடுகளில் செய்து 1989இல் வெளியான ஆய்வு ஒன்று இதை எண்ணிப் பார்த்தது. காட்டுத்தரையில் 6 முதல் 11 சதவீதம் மட்டுமே விழுந்த கட்டைகள். மரக்கன்றுகளில் 94 முதல் 98 சதவீதம் அந்தக் கட்டைகளின் மேல்தான் நின்றன. தரையில் இருக்கும் பாசியும் செடிகளும் கொடுக்கும் போட்டிதான் பெரிய காரணம் என்று பாசியை அகற்றிப் பார்த்த சோதனைகள் காட்டின.

இந்தக் கட்டைகளுக்கு அங்கே நர்ஸ் லாக் என்று பெயர். தமிழில் செவிலிக் கட்டை எனலாம். விழுந்தவுடன் எந்தக் கட்டையும் செவிலியாகிவிடாது. புதுக்கட்டையின் பட்டை வழவழப்பு, விதை நிற்காது. பட்டை வெடித்து, மெல்லிய பாசி படர்ந்து, மரம் பஞ்சு போல ஊறத் தொடங்கிய பிறகே விதை பிடிக்கும். பாசி விரற்கடைக்கு மேல் தடித்துவிட்டால் மறுபடி தரையின் கதைதான். நடுவில் பட்டை உரிந்து விழுந்தால் அதன் மேல் நிற்கும் நாற்றுக்கூட்டமும் சேர்ந்து விழும். இத்தனையும் தாண்டி நின்றவை வேரைக் கட்டையின் இரண்டு பக்கமும் இறக்கித் தரையைப் பிடிக்கும். நூறாண்டோ அதற்கு மேலோ கழித்துக் கட்டை மக்கிப்போனதும், மரம் கால் ஊன்றி நிற்கிறவர் மாதிரி வேர்களில் எழும்பி நிற்கும். வேர்களுக்கு நடுவே ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் அகலத்தைப் பார்த்தால் மறைந்துபோன கட்டையின் பருமன் தெரியும். நடுகாட்டில் கோடு போட்டாற்போல ஒரே வரிசையில் நான்கைந்து பெருமரங்கள் நின்றால், யாரும் நட்டதல்ல. கீழே ஒரு காலத்தில் ஒரு கட்டை கிடந்தது என்று அர்த்தம். ஹோ போகிறவர்கள் ஹால் ஆஃப் மாஸஸ் நடைபாதையில் இதைத் தேடிப் பாருங்கள்.

பெங்களூரில் செவிலிக் கட்டை இல்லையா என்றால், இருக்கிறது. மேம்பாலத்தின் இணைப்பு இடுக்கில், அல்சூர்ப் பக்கத்துப் பழைய வீட்டின் கைப்பிடிச் சுவரில், தண்ணீர்த் தொட்டிக் குழாய் கசியும் மூலையில் அரசும் ஆலும் முளைத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். குயிலோ குக்குறுவானோ ஆலம்பழத்தைத் தின்று அங்கே வந்து உட்கார்ந்து எச்சமிட்டிருக்கும். இடுக்கில் கொஞ்சம் தூசு, ஊறி நிற்கும் ஈரம், மேலே முழு வெளிச்சம், சுற்றிலும் போட்டிக்குப் புல் பூண்டு ஏதும் இல்லை. கட்டையின் மேல் ஹெம்லாக்குக்குக் கிடைப்பதும் இந்த ஈரமும் போட்டியில்லாத இடமும்தான். காட்டில் ஆல் இன்னொரு மரத்தின் கவட்டையில் முளைத்து வேரைக் கீழே இறக்கும். ஊருக்குள் அந்தக் கவட்டையின் வேலையைச் சுவர் செய்கிறது. நியூசிலாந்தின் மழைக்காட்டில் இதற்கு நேர் உறவு மாதிரி ஒரு மரம் உண்டு, வட ராட்டா. பெரும்பாலும் ரிமு போன்ற பெருமரத்தின் உச்சிக் கிளையில் முளைத்து, வேரைத் தரைவரை இறக்கி, கடைசியில் தானே மரமாக நிற்கும். ஆலின் விதையைப் பறவை ஏற்றிவிடுகிறது. ராட்டாவின் விதை தூசு மாதிரி, காற்றே ஏற்றிவிடுகிறது. ஏறும் வழி வேறானாலும் இரண்டும் தேடுவது ஒரே மாதிரி இடத்தைத்தான்.

இந்த விதியைப் புரிந்துகொண்டால் ஆல், அரசு, அத்தி விதைகளை வீட்டில் முளைக்க வைப்பது எளிது. மண் நிரப்பிய பையில் போட்டுத் தோற்பவர்கள்தான் அதிகம். ஒரு பழைய நாட்டுச் செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் பிளாக் வேண்டாம், அதன் காரம் நாற்றுக்கு ஆகாது. செங்கல்லை ஒரு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு தட்டில் வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். சலித்த செங்கல் தூளும் கரித்தூளும் சமமாகக் கலந்து மேலே இரண்டு மூன்று மி.மீ. கனத்துக்குத் தூவித் தெளிப்பானால் நனைக்க வேண்டும். மரத்தடியில் உதிர்ந்த, நன்றாகப் பழுத்த பத்துப் பதினைந்து பழத்தைத் தண்ணீரில் பிசைந்தால், பொக்கு விதையும், பழத்துக்குள் வளரும் சிறு அத்திக்குளவி இருந்த விதையும் மிதக்கும். அதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை மெல்லிய துணியில் வடிகட்டி ஒரு நாள் நிழலில் உலர்த்தித் தூவுங்கள். மேலே மண் போட்டு மூடக் கூடாது; இந்த அளவு விதைக்கு வெளிச்சம் வேண்டும், அரை சென்டிமீட்டர் மண்ணைக்கூட அதனால் முட்டித் திறக்க முடியாது. தெளிந்த பிளாஸ்டிக் மூடியால் மூடி, கிழக்குப் பார்த்த பால்கனியில் உச்சிவெயில் படாமல் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒரு மாதம் வரை பொறுக்கலாம்.

கெடும் இடங்கள் மூன்று. செங்கல் மேல் வழவழவென்று பச்சைப் படலம் வந்தால் தண்ணீர் அதிகம், வெளிச்சம் குறைவு. தட்டில் தண்ணீரைக் கால் உயரத்துக்குக் குறையுங்கள். நாற்றின் தண்டு அடியில் நீர் கோத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். தினமும் ஒரு மணி நேரம் மூடியைத் திறந்துவைத்தால் பெரும்பாலும் நிற்கும். மூன்றாவது இந்த ஊருக்கே உரியது, போர்வெல் தண்ணீர். செங்கல் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்த உப்பில் முளை கருகிவிடும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது, இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர். நான்கு இலை வந்ததும் தீக்குச்சியால் அடியோடு நெம்பி, ஒட்டியிருக்கும் செங்கல் தூளோடு சிறு பைக்கு மாற்றலாம். சுவரில் தானாக முளைத்த கன்றையும் நான்கைந்து இலைப் பருவத்தில், மழை பெய்த மறுநாள் இழுத்தால் வேரோடு வரும். வளர்ந்த பிறகு வெட்டினால் சுவருக்குள் இருக்கும் வேர் திரும்பத் துளிர்க்கும்.

இதுவரை சொன்னது காற்று ஆளும் வட அமெரிக்கக் காடு. அங்கேயும் கீழ்த்தட்டில் விலங்குகளின் பங்கு உண்டு. டெவில்ஸ் கிளப் என்ற முட்புதரின் பழத்தைப் பறவைகள்தான் பரப்புகின்றன என்று நினைத்திருந்தார்கள். தென்கிழக்கு அலாஸ்காவில் செய்து 2018இல் வெளியான ஆய்வில் கேமரா வைத்துப் பார்த்தபோது, பெரும்பங்கு கரடிகளுடையது என்று தெரிந்தது. சால்மன் மீனுக்காக ஆற்றோரம் கூடும் கரடிகள் பழத்தையும் கொத்துக் கொத்தாகத் தின்று விதையைக் காடு முழுக்கக் கொண்டுபோகின்றன. தெற்கே போனால் நிலைமை தலைகீழ். சிலியின் வால்டிவியக் காட்டிலும் நியூசிலாந்திலும் சதைப்பழ மரங்கள் மிக அதிகம். நியூசிலாந்தின் கெரேரு என்ற பெரிய காட்டுப்புறா, டாவா, மிரோ மரங்களின் பெரிய பழங்களை முழுதாக விழுங்கி, சதையை மட்டும் எடுத்துக்கொண்டு கொட்டையை வேறிடத்தில் போடுகிறது. மோவா என்ற பறக்காத பெரும் பறவைகள் அழிந்த பிறகு அந்த அளவுப் பழத்தை விழுங்கும் அலகு அங்கே பெரும்பாலும் கெரேருவுக்கு மட்டுமே. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருவாச்சி செய்யும் வேலை இது. ஒரே ஒரு பறவையை நம்பி நிற்கும் பெருமரங்கள் என்று நினைக்கும்போதே கவலையாக இருக்கிறது.

வால்டிவியாவில் மோனிட்டோ டெல் மொன்ட்டே என்றொரு சிறு பைம்மா (கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்கு) உண்டு, சுண்டெலியைவிடக் கொஞ்சம் பெரியது. அங்குள்ள ஒரு புல்லுருவியின் விதை அதன் வயிற்றைக் கடந்து வந்தால்தான் முளைக்கிறது என்று 2000ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. விதைகள் பிசின் இழையில் கோத்து வெளியேறி, தரையில் விழாமல் கிளையிலேயே ஒட்டிக்கொள்கின்றன. நம் மாமரத்துப் புல்லுருவியைப் பூங்கொத்தி பரப்புவதும் இதே பிசின் வேலையால்தான்.

தண்ணீர் வழி பரவல் குறைவு. டாஸ்மேனியாவின் ஹுவான் பைன் ஆற்றோரமாகவே நிற்பதற்கு அதன் விதை ஆற்றில் மிதந்து போவது ஒரு காரணம். ராஜகாலுவே எனப்படும் பெங்களூர் மழைநீர்க் கால்வாய்களின் ஓரங்களில் தானாக நிற்கும் புங்க மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும், புங்கங்காயும் மிதக்கும்.

இப்போது விதைப்பந்து. ஒவ்வொரு மே மாதமும் பெங்களூரில் எத்தனையோ அபார்ட்மெண்ட்களில், பள்ளிகளில், தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் களிமண்ணும் தொழுவுரமும் பிசைந்து பந்து பிடிக்கிறார்கள். பிள்ளைகள் மண்ணில் கைவைப்பது மனதுக்கு நிறைவான காட்சி. அந்த ஆர்வத்தை மதித்தே இதைச் சொல்ல வேண்டும். விதைப்பந்து தீர்ப்பது விதை போய்ச் சேரும் சிக்கலை மட்டும்தான். போய்ச் சேர்ந்த இடம் அந்த விதைக்கு ஏற்றதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஹெக்டேருக்குக் கோடி விதை விழும் காட்டிலேயே கன்றுகள் அந்தப் பத்து சதவீத இடத்தில்தான் பிழைக்கின்றன என்றால், கார் ஜன்னலிலிருந்து பார்த்தீனியமும் உன்னிச்செடியும் மண்டிய ஓரத்தில் எறியும் ஐம்பது பந்து என்ன ஆகும்?

அதோடு எல்லா விதையும் பந்துக்குள் தாங்காது. நாவலும் செண்பகமும் காய்ந்தால் செத்துவிடும். நாவல் கொட்டையைச் சதை நீக்கிய இரண்டு வாரத்துக்குள், செண்பகத்தைச் சிவப்புத் தோலைக் கழுவியவுடன் விதைத்தாக வேண்டும். வேம்புக்கும் இரண்டு மூன்று வாரம்தான் கணக்கு. பந்தை வெயிலில் ஒரு வாரம் காயவைத்து, ஒரு மாதம் சாக்கில் கட்டி வைத்தால் உள்ளே இருப்பது உயிரில்லாத கொட்டை. கொன்றைக்கு நேர்மாறு சிக்கல்: தோல் கல்லாக இருக்கும், தண்ணீர் இறங்காது. பந்தில் வைக்கும் முன் விதையின் மொட்டை முனையை உப்புத்தாளில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். அல்லது கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி இரவு முழுக்க ஆறவிட வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் வெந்துவிடும். ஆல், அரசு விதையைப் பந்தின் நடுவில் வைப்பதில் பொருளே இல்லை. ஒரே பந்தில் ஐந்து விதை வைத்தால் ஐந்தும் ஒரே இடத்தில் முளைத்து அடித்துக்கொள்ளும். மே மாத மாங்காய் மழையில் முளைத்துவிட்டு, ஜூன் மழை வரும்வரை காயும் இடைவெளியில் கருகுவது இந்த ஊரில் வழக்கமாக நடப்பது. ஹெசரகட்டா போன்ற புல்வெளியில் வீசுவது இன்னும் தவறு. அது மரம் இல்லாத வெற்றிடம் அல்ல, புல்வெளிப் பறவைகளின் வீடு.

பந்துக்குப் போகும் உழைப்பை இடத்துக்குக் கொடுத்தால் பலன் உண்டு. ஏரிக்கரையோ, கல்லூரி வளாகமோ, கிராமத்துப் பொது நிலமோ, உரியவர் அனுமதியுடன் ஜூன் நடுவில் மழை நிலைத்த பிறகு போங்கள். ஓரடி அகல வட்டத்தில் புல்லை வேரோடு எடுத்து, கடப்பாறையால் ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை இளக்கி, நடுவில் மூன்று விதை, விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில். புங்கை, வேங்கை, நாவல் மூன்றும் பழகுவதற்கு நல்லவை; உள்ளூர் நர்சரியில் ஹொங்கே, ஹொன்னே, நேரளே என்று கேட்டால் உடனே புரியும். வேங்கைக் காயின் இறகு விளிம்பைக் கத்தரித்து ஒரு நாள் ஊறவைத்துப் போட வேண்டும். இறகு பறப்பதற்கானது, மண்ணுக்குள் அதனால் பயனில்லை. பிடுங்கிய புல்லை விதை மேல் போடாமல் வட்டத்தைச் சுற்றி மூடாக்காகப் போடுங்கள். பக்கத்தில் பாதி மக்கிய கட்டை கிடந்தால் விதையின் மேற்குப் பக்கமாக உருட்டி வையுங்கள்; மாலை வெயிலை மறைக்கும், அடியில் ஈரம் நிற்கும். செப்டம்பரில் மூன்றில் நல்லதை விட்டு மற்றதை மண்மட்டத்தில் கத்தரிக்க வேண்டும், பிடுங்கினால் நிற்பதன் வேரும் அசையும். ஜனவரியிலிருந்து மே வரை வாரம் ஒரு முறை கன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு கோடைக்கு. ஒரு ஆள் வார இறுதியில் இருபது கன்றுக்கு மேல் சுமக்க முடியாது. அதனால் இருபது குழிக்கு மேல் தோண்ட வேண்டாம்.